கூடார வாசலில் நான் கட்டச் சொன்ன முடிச்சு

சாமி,

நான் தைத்துக் கொடுத்த கூடாரம் விழுந்துதான் அந்தப் பெண்பிள்ளை செத்தது. துணியை மாற்றியவன் நான். வாசலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னவன் நான். கட்டவே கூடாது என்று நீ எழுதிக் கொடுத்த தாளை ஒளித்து வைத்துவிட்டு, கரையான் தின்றுவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னவனும் நான்தான். நாலு வருஷமாக ஊர் உன்னைப் பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

இதை உன்னைக் கூப்பிட்டு வைத்து வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "விடுங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருக்கும். "ஆசிரியரின் அலட்சியத்தால் மாணவி பலி" என்று அன்றைக்குப் பேப்பரில் போட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்தவர்கள் நம் வீட்டுக்குள் வந்து இதைக் கேட்கப் போவதில்லை. அச்சில் வந்ததை அச்சில்தான் மாற்ற முடியும். அதனால், பதினைந்து வருஷமாக என் லாரிப் படுதாக் கடைக்கு விளம்பரம் கொடுத்து வருகிற இந்த மாதப் பத்திரிகையில் இடம் கேட்டேன். பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, "ஏனுங்க, ரோசனை பண்ணித்தான் குடுக்கறீங்களா? இது பின்னட்டை விளம்பரம் மாதிரி இல்லீங்க, போட்டா திரும்ப வாங்க முடியாது" என்றார். போடுங்க என்றேன். கீழே கையெழுத்து வைக்கவில்லை. இதே இதழின் பின்னட்டையில் இருக்கும் படுதாக் கடை யாருடையது என்று பார்த்தால் நான் யாரென்று தெரிந்துவிடும்.

போன மாதம் உனக்குப் பெண் பேச ஜலகண்டாபுரம் போனோம். தறிச் சத்தத்துக்கு நடுவே கட்டில் போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பெண்ணின் தாய்மாமன் மட்டும் மெதுவாக ஆரம்பித்தார். "மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கூடாரம் விழுந்துதே, அந்த வாத்தியாரு நம்ம மாப்பிள்ளைதானுங்களா?" நீ பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க. சின்ன வயசு பாருங்க, அன்னிக்குக் கொஞ்சம் அசட்டையா இருந்துட்டான். கடைக்கு வந்தப்பறம் பொறுப்பாயிட்டானுங்க." சரக்கில் இருக்கும் குறையை நாமே சிறிதாகச் சொல்லிவிட்டால் வாங்குகிறவன் பெரிதாகக் கேட்க மாட்டான். என் முப்பது வருஷத் தொழில் அது. நீ காப்பி டம்ளரைக் கீழே வைத்தாய். பாதி இருந்தது. தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. சேலத்தில் பஸ் மாறி நாமக்கல் வரும்போது நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். புதுச்சத்திரம் தாண்டும்போது, கோபமே இல்லாமல், இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில் கேட்டாய். "அந்தத் தாளைக் கரையான் தின்னுருச்சுன்னீங்களே. நம்ம கடையில கரையான் ஏதுங்கப்பா? மெழுகு வாசத்துக்கு எறும்பே வராது." நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியானால் நாலு வருஷமும் உனக்குத் தெரியும். தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து துணி அளந்து கொடுத்திருக்கிறாய்.

நான் ஏன் அப்படி ஆனேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதால் என் தப்பு குறையாது. ஆனாலும் நீயும் ஒரு நாள் கடை நடத்துவாய் அல்லது பள்ளிக்கூடம் நடத்துவாய், அதனால் தெரிந்து வைத்துக்கொள். கடை என்று ஒன்று வருவதற்கு முன்னால், கிழிந்த லாரிப் படுதாக்களை வாங்கி ஒட்டுப்போட்டு, தகர டிரம்மில் மெழுகு காய்ச்சிப் பூசி விற்றுக்கொண்டிருந்தேன். முதன்முதலாகப் புதுத் துணியில் ஒன்று தைத்து ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரருக்குக் கொடுத்தேன். நல்ல துணி வாங்க வழியில்லை, மெல்லிசாகப் போட்டுவிட்டேன். வடக்கே போகிற வழியில் லாரி மழையில் மாட்டி, மூட்டைகள் நனைந்து, ஜவ்வரிசி கஞ்சியாகி லாரித் தட்டிலிருந்து வழிந்திருக்கிறது. ஆலை வாசலில் லோடு ஏற்றுகிற அத்தனை பேரும் பார்த்திருக்க, அவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "ஏன்டா, இது படுதாவா, கொசுவலையாடா?" அன்றைக்குச் சிரித்தவர்களின் முகம் இன்னமும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் கையால் மெல்லிசான துணி போனதில்லை. இரட்டைத் தையல், தடித்த துணி, பித்தளை வளையம், இழுக்க இழுக்க இறுகுகிற லாரிக் கட்டு. அதுதான் என் பெயர் ஆயிற்று. எதைக் கேட்டாலும் அதையே கொடுக்கிற பழக்கமும் அப்போதே வந்துவிட்டது. இப்போது எனக்குப் புரிகிறது: ஒருவன் பட்ட ஒரு அடியிலிருந்து ஒரே ஒரு பாடம் படித்துவிட்டு, அதையே எல்லா இடத்திலும் நீட்டினால் யாராவது சாவார்கள்.

உனக்கு வானத்தில் பைத்தியம் பிடித்ததும் நம் கடைப் பின்கட்டில்தான். படுதாவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, உச்சி வெயிலில் அதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்போம். எங்கே புள்ளியாக வெளிச்சம் தெரிகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு ஒட்டுப் போடுவோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வாய். "அதை மட்டும் அடைக்காதீங்கப்பா" என்று ஒரு முறை அழுதாய். நான் அதையும் அடைத்தேன். எனக்கு ஓட்டை, உனக்கு நட்சத்திரம். அந்த வித்தியாசத்தைக் கடைசிவரை நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீ படித்து, சயன்ஸ் வாத்தியாராகி, எண்பத்திரண்டில் ஏதோ பயிற்சிக்காகப் பட்டணம் போய்விட்டு வந்தாய். அங்கே காற்று ஊதிய கூடாரத்துக்குள் பிள்ளைகளை உட்கார வைத்து வானத்தைக் காட்டினார்களாம். மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமாம். நீ ஒரு வனஸ்பதி டப்பாவை எடுத்து, நம் கடைக் கோணி ஊசியால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குத்தி, உள்ளே ஒரு சின்ன பல்பு வைத்தாய்; ஓட்டை வழியே வெளிச்சம் கூடாரத்தின் உட்புறத்தில் நட்சத்திரமாக விழும். மூன்று மாதம் குத்தினாய். பிறகு கூடாரத்துக்கு அளவு போட்டு ஒரு தாளை என் மேஜையில் வைத்தாய். உன் மணிமணியான கையெழுத்தில் நாலு வரி. லேசான துணி. ஓரம் தரையோடு சும்மா கிடக்க வேண்டும், எடை வைக்கக் கூடாது. வாசல் ஒன்றின்மேல் ஒன்று படியும் இரண்டு மடிப்பு. வாசலைக் கட்டக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

நீ கொண்டு வந்த மாதிரித் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பொடிப் பொடியாக வெளிச்சம் ஒழுகியது. எனக்கு அந்த ஆலை வாசல் ஞாபகம் வந்துவிட்டது. "இதுக்குள்ள உக்காந்தா நட்சத்திரம் எங்க தெரியும், பகலுதான் தெரியும்" என்றேன். உனக்குத் தெரியாமல் தடித்த லாரித் துணியை வெட்டச் சொன்னேன். மெழுகு பூசினேன். ஓரத்தை மணல் மூட்டை வைத்து அழுத்துகிற மாதிரி மடித்துத் தைத்தேன். வாசலின் இரண்டு பக்கமும் பித்தளை வளையம் அடித்துக் கயிறு கோத்தேன். கூடாரத்தின் மேலே கடைப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதவும் மறக்கவில்லை. நீ வந்து தூக்கிப் பார்த்தாய். "கனமா இருக்குதுங்கப்பா. காத்து நின்னா மேல வந்து விழும்." நான் சொன்ன பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். "பத்து டன் சரக்கை மூடற துணிடா இது. காத்தாடியைப் பெருசா போட்டுக்க." அரிசி ஆலையில் உமி ஊதுகிற ஊதியை நானே வாங்கிக் கொடுத்தேன். அது ஊதியதும் கூடாரம் யானை எழுந்திருப்பதுபோல் எழுந்தது. நீயும் சிரித்துவிட்டாய். பெற்றவன் செலவு பண்ணித் தைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில்தான் நான் உன்னைப் பிடித்தேன்.

அது நன்றாக நடந்த நாட்களும் உண்டு, அதையும் எழுத வேண்டும். புதுச்சத்திரத்தில் ஒரு தடவை நானும் உள்ளே வந்து உட்கார்ந்தேன். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னாய். ஒருவன் இன்னொருவனைக் கிள்ளி, அவன் கத்தி, நீ அதட்டி, பிறகு டப்பாவுக்குள் பல்பைப் போட்டாய். நாற்பது பிள்ளைகளும் ஒரே மூச்சாக 'ஹா' என்றார்கள். "ஏனுங் சார், இது நம்மூரு வானமுங்களா, வெளியூருதுங்களா?" என்று ஒரு குரல். "நம்மூருதுதான். நீ எட்டு மணிக்கே தூங்கிப் போயிடறே, அதான் பாக்கல." "பொய்யிடா, எல்லாம் டப்பாக்குள்ள இருக்குது" என்று இன்னொருத்தன். நீ டப்பாவை மெல்லத் திருப்பினாய். வானம் கிழக்கிலிருந்து ஏறி மேற்கே இறங்கியது. "வானம் எங்கயும் போகல. நாமதான் சுத்திக்கிட்டிருக்கறோம். தரையைப் புடிச்சுக்குங்க" என்றாய். எல்லாரும் நிஜமாகவே தரையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் பிடித்தேன். ஆறு இருக்க வேண்டிய கார்த்திகைக் கூட்டத்தில் எண்ணினேன், ஐந்துதான் இருந்தது. வெளியே வந்ததும் உன்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "ஒரு ஓட்டை அடைச்சிருக்குது பாரு, ஊசி வெச்சுக் குத்தி விடு" என்பதுதான். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றாக இருந்தது.

வாசல் வழியே காற்று ஒழுகிக் கூடாரம் கொஞ்சம் தொய்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். வண்டியோடு உன்கூட வருகிற நம் கடை ஆள் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, "காத்து வெளிய போகப்படாது. எல்லாரும் உள்ள போனப்பறம் லாரிக் கட்டு கட்டிரு" என்றேன். "வாத்தியாரு வேண்டாங்கறாருங்களே" என்றான். "சம்பளம் குடுக்கறது நானா, வாத்தியாரா?" என்றேன். உள்ளே இருட்டில் இருக்கிற உனக்கு வெளியே முடிச்சு விழுந்தது தெரியாது. ஒருமுறை கண்டுபிடித்து அவனைத் திட்டியிருக்கிறாய். அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் என் பேச்சைத்தான் கேட்டான். இரண்டு தடவை கரண்டு நின்றபோது வாசலிலேயே நின்றிருந்ததால், ஊதியின் காற்று அடங்குவதற்குள் அவிழ்த்துவிட்டான். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. சம்பளம் கொடுக்கிற கையை வைத்து ஒருவனுடைய புத்தியை அடக்காதே, சாமி. அடக்கினால் அவன் செய்கிறது எல்லாம் நீ செய்ததுதான்.

மல்லசமுத்திரம் போகிற வழியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியான வெயிலில் கரண்டு போனது. நாச்சிமுத்து எதிரே பீடி வாங்கப் போயிருந்தான். துணி இறங்கியது. கனம் கயிற்றை இழுக்க, முடிச்சு இறுகியது. நீ நடுவில் நின்று தலையாலும் கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை உன் காலடிக்கு வரச் சொல்லிக் கத்தியிருக்கிறாய். அவர்களும் வந்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பக்கத்துக் காட்டில் வேலை செய்த ஒரு பெண் அரிவாளோடு வந்து கயிற்றை அறுத்தாள். பிள்ளைகள் மெழுகும் வேர்வையுமாக வெளியே வந்து விழுந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. ஆறாம் வகுப்பு மாதேஸ்வரி. ஓரத்தில், மணல் மூட்டைப் பக்கம் கிடந்தாள். மழைக்காலத்தில் இளைப்பு வருகிற பிள்ளையாம். வெளியே போக அந்த ஓரத்தைத்தான் தூக்கப் பார்த்திருக்கிறாள். விரல் நகத்தில் மெழுகு இருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, உன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

விசாரணைக்கு முதல் நாள் கேட்டாய். "அந்தத் தாள் மேஜையில இருக்குதுங்களாப்பா?" அது அப்போது மேஜையின் கீழ் இழுப்பறையில், மாதிரிக்கு வைத்திருந்த மெழுகுக் கட்டிகளுக்கு அடியில் இருந்தது. எழுத்தில் இருப்பதைக் கிழித்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எடுத்துக் கொடுத்தால், நம் கடைப் படுதா ஆளைக் கொன்றது என்று லாரிக்காரர்கள் பேசுவார்கள் என்று நினைத்தேன். "கரையான் தின்னுருச்சு சாமி" என்றேன். மறுநாள் அதிகாரி, "யாரு இந்த அமைப்பைப் போட்டுக் குடுத்தது? வாசலைக் கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தானுங்க" என்றாய். வழக்கு பிறகு எப்படியோ தள்ளுபடியாயிற்று. வேலை திரும்பி வரவில்லை. நீ கடைக்கு வந்தாய். உன்னை வாத்தியார் வேலைக்கு விட எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். உன் அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "நெனச்சது நடந்துருச்சில்லீங்க உங்களுக்கு" என்றாள். விசாரணை முடிந்து திரும்பி வந்த கூடாரத்தை நான் பிரித்து, மேலே எழுதிய பெயரை வெட்டி எறிந்துவிட்டு, லாரிப் படுதாவாகத் தைத்து விற்றேன். நல்ல துணி, வீணாக்க மனம் வரவில்லை. இதையும் தெரிந்துகொள்.

பஸ்ஸில் நீ கேட்ட மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் அப்பாவைத் தேடிப் போனேன். செங்கோடன். ஜவ்வரிசி ஆலையில் லாரிக்கு லோடு ஏற்றிப் படுதா கட்டுகிற வேலை. உள்ளே கூப்பிட்டு, ஒரு கோணிச் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். நான் ஒரு பையில் பணம் கொண்டு போயிருந்தேன். அதைத் தொடவே இல்லை. நான் ஆரம்பிப்பதற்குள், "எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தனுங்க மொதலாளி" என்றார்.

"என்னைத் தெரியுங்களா?"

"உங்களைத் தெரியாது. முடிச்சைத் தெரியும்."

கூரையில் செருகியிருந்த ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அரிவாளால் அறுத்த கயிறு. முடிச்சு அப்படியே இருந்தது. "தெனமும் இருபது வண்டிக்கு இதைத்தானுங்க கட்டறேன். இது வாத்தியாரு போடற முடிச்சு இல்லீங்க. படுதாக் கடைக்காரன் சொல்லித் தர்ற முடிச்சு. அந்தப் பையன் என்ர ஊட்டு வாசல்ல வந்து கால்ல உழுந்து அழுதாருங்க. நான்தானுங்க, நான்தானுங்கன்னு. சரி, அப்பனைக் காப்பாத்தறாரு, காப்பாத்தட்டும்னு உட்டுட்டேன்." பிறகு கயிற்றை என் மடியில் போட்டார். "அவுத்துக் காட்டுங்க."

நான் அவிழ்க்க முயன்றேன். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். அரை மணி நேரம் இருக்கும். முடியவில்லை. "அவுராதுங்க. லோடு உழுந்த முடிச்சு. அறுக்கத்தான் வேணும்" என்றார். அந்தக் கூடாரத் துணியை நான் விற்றதையும் சொன்னேன். "நானே அதை ஏதோ ஒரு வண்டிக்குக் கட்டியிருப்பனோ என்னமோ" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இந்த இதழை அந்தப் பெண் கையில் நீயே கொடு. படித்த பிறகும் அவர்கள் வேண்டாம் என்றால், குறை என்னுடையது, உன்னுடையது இல்லை என்று தெரிந்து வேண்டாம் என்று சொல்லட்டும். உன் தாளின் அசலைக் கல்வி அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன், ஒரு நகல் உன் மேஜையில் இருக்கிறது. வேலை திரும்பக் கிடைக்குமா தெரியாது. கடைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். என்னோடு பேசுவதும் அப்படித்தான். டப்பாவைப் பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், அதை மட்டும் நான் விற்கவில்லை.

செங்கோடனோடு பேசி முடித்தது இதுதான். பணம் கிடையாது, எப்போதும். இந்தக் கடிதம் அச்சில் வர வேண்டும். அதே பள்ளிக்கூடத்து மைதானத்தில், அன்றைக்கு உள்ளே இருந்த பிள்ளைகளின் தாய் தகப்பன் முன்னால், ஆள் வைக்காமல் நானே நின்று இதைப் படிக்க வேண்டும். அந்த முடிச்சு என் கல்லாவுக்கு நேர் மேலே, வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரித் தொங்க வேண்டும். யார் என்னவென்று கேட்டாலும் மாதேஸ்வரி பெயரைச் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும். நான் இருக்கிறவரை அதை எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மைதானத்தில் படிப்பதை மட்டும் பையன் கல்யாணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "முன்னாடிங்க" என்றார். மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஒப்புக்கொண்டேன்.